கடனட்டைப் புள்ளியும் ககனப் பயணமும்

ஆசிரியர் அறையிலே தேநீர் வேளையில் எழும் விவாதங்கள் அரசியலில் ஆரம்பித்து அரிசி விலையில் முடிவதே வழக்கம். சென்ற மாதம் ஒருநாள் அவ்வழக்கம் மாறிற்று. எம்முடன் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் புதிதாகக் கடனட்டை ஒன்றைப் பெற்றிருந்தார். அதனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்து, "இதிலே செலவு செய்யச் செய்யப் புள்ளி சேருமாம், புள்ளி சேர்ந்தால் விமானத்திலே சும்மா போகலாமாம். உண்மையோ ஐயா?" என்று வினவினார்.

உண்மைதான் என்றோம். ஆயினும் அந்தச் "சும்மா" என்ற சொல்லைப் பற்றி எமக்குச் சில ஐயங்கள் உண்டு. அவை புத்தகத்திலே படித்து வந்தவையல்ல; எமது மருமகன் ஒருவனைப் பார்த்து வந்தவை. அவனுடைய கணக்கைச் சொன்னால் இவ்விஷயத்தின் உட்பொருள் முழுவதும் விளங்குமாதலின், இவ்வாரம் அதனையே எழுதத் துணிந்தோம்.

மருமகன் எமது மூத்த தமக்கையாரின் ஏகபுத்திரன். எம்மிலும் நாலு வயதே இளையவன். "மாமா" என்று அழைப்பினும், ஒரே முற்றத்தில் எம்முடன் கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவன். இப்பொழுது கனடாவிலே ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் வாழ்கின்றான். 2016 ஆம் ஆண்டில் மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து தாயாரைப் பார்த்துச் சென்றான். போகும்பொழுது, "அடுத்த முறை காசு கொடுத்து வரமாட்டோம், மாமா. புள்ளியிலேதான் வருவோம்" என்று சொல்லிச் சென்றான். மறு ஆண்டு இளைய பெண் பிறந்தாள். அப்பிள்ளை தொலைபேசித் திரையிலே பல் முளைத்து, நடை பழகி, பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டாள். தமக்கையாரைக் காணும்போதெல்லாம், "தம்பி எப்போது வருகிறானாம்?" என்று நாம் கேட்போம். அவர் சொல்லும் பதில் ஒன்றே: "இன்னும் புள்ளி காணாதாம்."

இப்புள்ளி என்பது யாது? 1981 ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்கன் எயார்லைன்ஸ் என்னும் விமானக் கம்பனி, தன்னிடம் அடிக்கடி பயணஞ் செய்வோருக்குப் பறந்த மைல்களைக் கணக்கில் எழுதி, அவை ஓரளவு சேர்ந்ததும் இலவசச் சீட்டு வழங்குந் திட்டமொன்றை ஆரம்பித்தது. சில நாட்களுக்குள் யுனைற்றெட் கம்பனியும் அதனைப் பின்பற்றியது. 1984 இலே எயார் கனடா, ஏரோபிளான் என்ற பெயரில் தனது திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் அது பறந்தவருக்கு அளித்த சன்மானமே. பின்னர் வங்கிகள் உள்ளே புகுந்தன. வங்கி விமானக் கம்பனியிடம் புள்ளிகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தன் அட்டையிலே செலவு செய்பவருக்குப் பங்கிட்டது. விமானத்தின் நிழலிற்கூட நில்லாத ஒருவர், அரிசியும் பருப்பும் வாங்கியே மைல் சேர்க்கும் காலம் வந்தது.

வங்கி இதனைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. அட்டையால் ஒருவர் பணஞ் செலுத்தும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் அத்தொகையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கட்டணமாக இழக்கின்றார். அக்கட்டணத்தில் ஒரு பகுதியே புள்ளியாகத் திரும்பி வருகின்றது. கடைக்காரரும் அதனைத் தம் தலையில் வைத்துக்கொள்வாரல்லர். பொருளின் விலையிலே ஏற்றிவிடுவார். ஆகவே அட்டையே இல்லாமற் கைக்காசு கொடுத்து வாங்கும் ஏழைக் கிழவியும் எமது மருமகனின் விமானச் சீட்டுக்குச் சிறிது பணங் கட்டுகின்றாள். இதனை அவனிடம் ஒருமுறை சொன்னோம். "அப்படியானால் நான் சேர்க்காவிட்டாலும் அவ கட்டத்தானே வேண்டும், மாமா" என்றான். தருக்கத்திலே அவன் எம்மை வென்றான் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

புள்ளி சேர்ப்போரின் சாமர்த்தியத்துக்கு எல்லையில்லை. 1999 ஆம் ஆண்டிலே கலிபோர்னியா மாகாணத்துப் பொறியியலாளர் ஒருவர், உணவுப் பொட்டலமொன்றின் சீட்டை அனுப்பினால் மைல் கிடைக்கும் என்ற விளம்பரத்தைக் கண்டார். அப்பொருள்களுள் மிக மலிவானது புடிங் என்று கண்டுபிடித்து, 3,000 டொலருக்குச் சற்று அதிகமான பணத்தில் 12,000 க்கு மேற்பட்ட புடிங் கிண்ணங்களை வாங்கினார். சீட்டுகளை உரித்தெடுக்க நேரம் போதவில்லை. எனவே புடிங்கைத் தரும ஸ்தாபனத்துக்குக் கொடுத்து, அங்குள்ளோரைக் கொண்டே சீட்டுகளை உரிப்பித்தார். 12 இலட்சத்துக்கும் அதிகமான மைல்கள் அவர் கணக்கில் ஏறின. மருமகன் இக்கதையை எமக்குச் சொன்னபோது அவன் குரலிலே, எமது ஊரவர் சித்தர்களைப் பற்றிப் பேசும்போது தோன்றும் பக்தி தொனித்தது!

அவனும் இலேசானவன் அல்லன். புதிய அட்டை ஒன்றை எடுத்து முதற் சில மாதங்களிற் குறித்த தொகையைச் செலவிட்டால் வங்கி பெருந்தொகையான புள்ளிகளை வரவேற்பாக வழங்குவதுண்டு. உண்மையிலே புள்ளியின் பெரும்பகுதி சேருவது இவ்வழியாலேதான். மளிகைச் செலவால் அல்ல. மருமகனும் மனைவியும் முறைவைத்து அட்டை எடுத்தனர். மளிகைக்கு ஐந்து மடங்கு புள்ளி தரும் அட்டை வேறு, பெற்றோலுக்கு வேறு, மற்றவைக்கு வேறு என்று பிரித்தனர். எந்த அட்டை எந்தக் கடையிற் செல்லும் என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்கள். இவ்வாறு 2022 ஆம் ஆண்டு முடிவில் அவன் கணக்கிற் சேர்ந்தவை 580,000 புள்ளிகள்.

அவனைப் பற்றி நல்லதொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அத்தனை ஆண்டுகளில் ஒரு மாதமேனும் அட்டைக் கணக்கை முழுவதுமாகத் தீர்க்காமல் விட்டதில்லை. இதில் தவறியவர்க்கு மற்றக் கணக்கெதுவும் வேண்டியதில்லை. கனடாவில் அட்டைக் கடனுக்கு வருட வட்டி ஏறத்தாழ நூற்றுக்கு 20. ஒருவர் 5,000 டொலர் செலவு செய்து, டொலருக்கு ஒரு புள்ளி வீதம் 5,000 புள்ளி பெறுகின்றார் என்போம். புள்ளியொன்று ஒரு சதமெனின் அதன் பெறுமதி 50 டொலர். அக்கடனை ஒரேயொரு மாதம் வைத்திருந்தால் வட்டி ஏறத்தாழ 83 டொலர். ஒரே மாதத்தில் புள்ளியும் போய், மேலும் 33 டொலரும் போயிற்று. இலங்கையிலே நிலைமை இன்னுங் கடுமை. 2022 நெருக்கடியின்போது இங்கே கடனட்டை வட்டி நூற்றுக்கு 30 ஐத் தாண்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கனடாவிலே 2022 ஒக்டோபர் தொடக்கம், கியூபெக் மாகாணம் நீங்கலாக, அட்டையால் வாங்குவோரிடம் கடைக்காரர் நூற்றுக்கு 2.4 வரை மேலதிகமாக அறவிடவும் அனுமதி உண்டு. அவ்வாறு அறவிடும் கடையிலே புள்ளிக்காக அட்டையை நீட்டுவது, ஒரு ரூபாவைக் கொடுத்து ஐம்பது சதத்தை வாங்குவதாகும்.

இனிப் புள்ளியின் பெறுமதியைக் கணிக்கும் முறைக்கு வருவோம். இது ஐந்தாம் வகுப்புக் கணிதமே. காசு கொடுத்தால் சீட்டு என்ன விலை என்று பார்க்க. புள்ளியில் எடுத்தாலும் கையிலிருந்து கட்டவேண்டிய வரியையும் கட்டணத்தையும் அதிலிருந்து கழிக்க. மிகுதியை, வேண்டிய புள்ளிகளின் தொகையால் வகுக்க. வருவதே ஒரு புள்ளியின் பெறுமதி. அதனை ஒப்பிட்டு நோக்க ஓர் அடித்தளமும் வேண்டும். மருமகன் வைத்திருந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் புள்ளிகளை அட்டைக் கணக்கிலேயே வரவு வைத்தால், 1,000 புள்ளிக்கு 10 டொலர் கிடைக்கும். அதாவது புள்ளிக்கு ஒரு சதம். விமானச் சீட்டு இதனிலும் மேலாகத் தரவேண்டும். தராதெனில் புள்ளியைக் காசாக்கிக்கொண்டு சீட்டைக் காசுக்கே வாங்கலாம். புள்ளிக்கு மிக்சியும் கைக்கடிகாரமும் தருவதாக வரும் அழகிய பட்டியல்கள் பெரும்பாலும் இவ்வடித்தளத்துக்கும் கீழே கிடப்பவை. அவற்றைப் பாராமல் விடுவதே நன்று.

எயார் கனடா 2020 நவம்பரிலே தன் திட்டத்தைப் புதுப்பித்தபோது, கூட்டு விமானக் கம்பனிகளின் இருக்கைகளுக்குத் தூரத்தை அளவாக வைத்து ஓர் அட்டவணை வெளியிட்டது. வட அமெரிக்காவிலிருந்து எமது பக்கத்துக்கு வரும் பயணம் 8,000 மைலைக் கடந்தால், ஒரு வழிக்குச் சாதாரண வகுப்பில் 70,000 புள்ளி. படுத்துறங்கிச் செல்லும் வணிக வகுப்பில் 100,000 புள்ளி. ரொறன்ரோவிலிருந்து டில்லி வழியாகக் கொழும்பு இந்த எல்லைக்குள் அடங்கும். (அதன் பின்னர் சில கூட்டுக் கம்பனிகளின் இருக்கைகள் அட்டவணையினின்றும் நீங்கி, நாளுக்கொரு விலைக்கு மாறியுள்ளன. ஆதலின் இன்று கணக்குப் பார்ப்போர் இன்றைய எண்ணையே பார்த்துக்கொள்க.)

இவ்வட்டவணைதான் எமக்கும் மருமகனுக்கும் இடையே வழக்கை மூட்டியது. 2022 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வந்தான். தமக்கையாருக்கு அப்போது கண்ணிலே வெண்புரை படர்ந்து, தொலைபேசித் திரையிலே பேத்தியின் முகமும் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. வருகிற ஆவணியில், பிள்ளைகளின் விடுமுறைக்கு வரலாமே என்றோம்.

"வரலாம் மாமா. ஆனால் 800,000 புள்ளி வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் சேர்ந்துவிடும்" என்றான்.

நால்வருக்கும் போகவரச் சாதாரண வகுப்பில் 560,000 தானே. அவ்வளவு இருக்கின்றதே என்றோம்.

"அது புள்ளியை வீணாக்குவது, மாமா" என்று பொறுமையாக எமக்குப் பாடம் எடுத்தான். சாதாரண வகுப்புச் சீட்டு 2,000 டொலர். வரி முதலியன 200 போக 1,800. அதனை 140,000 ஆல் வகுத்தால் புள்ளிக்கு 1.29 சதம். வணிக வகுப்புச் சீட்டோ 7,000 டொலர். வரி போக 6,800. அதனை 200,000 ஆல் வகுத்தால் 3.4 சதம். "இரண்டு மடங்குக்கு மேலே கிடைக்கிறதை விட்டுவிட்டு யாராவது 1.29 க்குப் போவார்களோ?" என்றான்.

நாம் கேட்டது ஒரே கேள்வி. "புள்ளி இல்லாவிட்டால் நீ 7,000 டொலர் கொடுத்து அந்த இருக்கையை வாங்குவாயோ?"

சிரித்தான். "எனக்கென்ன விசரோ?"

"அப்படியானால் அந்த 7,000 உனக்கு ஒரு விலையே அல்ல. நீ கொடுக்கக்கூடியது 2,000. வரியைக் கழித்து 200,000 ஆல் வகுத்துப் பார்."

எதிர்ப்பக்கத்தில் சிறிது நேரம் சத்தமில்லை. விடை 0.9 சதம். வங்கி கையிலே தரும் ஒரு சதத்திலுங் குறைவு! அந்த 200,000 புள்ளியைக் காசாக்கினால் 2,000 டொலர். அதே சாதாரணச் சீட்டைக் காசுக்கே வாங்கிவிடலாம். ஆனால் சாதாரண வகுப்புக்கு 140,000 புள்ளியைக் கொடுத்தால், காசாக்கும்போது 1,400 டொலரே பெறும் புள்ளி 1,800 டொலரை மிச்சப்படுத்துகின்றது. நால்வருக்கும் 1,600 டொலர் இலாபம். இவ்விலாபம் உண்மையானது. 3.4 சதமோ, வாங்க எண்ணாத பொருளின் விலைச்சீட்டைப் பார்த்து மகிழும் மகிழ்ச்சி. கால் நீட்டிப் படுத்து வருவதற்கும் ஒரு பெறுமதி உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. முதுகுநோயுள்ளவருக்கு அது பெரிது. அவரவர் அதற்குக் கையிலிருந்து எவ்வளவு கொடுப்பாரோ அவ்வளவை 2,000 உடன் கூட்டிக்கொள்ளட்டும். விளம்பர விலையை மாத்திரம் கூட்டவேண்டாம்.

மற்றொரு கணக்கையும் அவனுக்கு எடுத்துக் காட்டினோம். காசை வங்கியிலிட்டால் சிறிதேனும் வட்டி வளரும். புள்ளிக்கு வட்டியில்லை, தேய்மானமே உண்டு. அதனை அச்சிடும் கம்பனியே அதன் விலையையும் தீர்மானிக்கின்றது. டெல்ற்றா கம்பனி 2015 இலும், யுனைற்றெட் 2019 இலும் தம் பழைய அட்டவணைகளை அகற்றிவிட்டன. 2020 இலே விமானங்களெல்லாம் தரையில் நின்றபோது, யுனைற்றெட் கம்பனி தன் புள்ளித் திட்டத்தையே ஈடுவைத்து 6.8 பில்லியன் டொலர் கடன் திரட்டியது. பறக்காத விமானத்துக்கில்லாத மதிப்பு புள்ளி விற்கும் தொழிலுக்கு இருந்தது. இரண்டு வருஷம் பொறுத்தால் மீதி 220,000 சேரும் என்பது மருமகனின் கணக்கு. அப்போது 800,000 போதுமென்று அவனுக்கு எழுதிக் கொடுத்தவர் எவருமிலர்.

ஓர் இடத்தில் அவன் ஏற்கெனவே சூடு கண்டிருந்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விமானக் கம்பனி, வங்கிப் புள்ளியைத் தன்னிடம் மாற்றுவோருக்கு நூற்றுக்கு 30 மேலதிகம் என்று அறிவித்தது. அவன் இருக்கை உண்டா என்று பாராமலே 60,000 புள்ளியை மாற்றிவிட்டான். மாற்றியது மாற்றியதுதான், திரும்ப வங்கிக்கு வராது. இருக்கை அகப்படவில்லை; காலமும் கடந்து புள்ளி அழிந்தது. அதிலிருந்து வங்கியிலே வைத்திருப்பான். இருக்கையைக் கண்ணாற் கண்ட பின்பே மாற்றுவான். புள்ளி சேர்க்கும் அனைவரும் செய்யத்தக்கது இதுவே. வங்கியில் உள்ள புள்ளி பல கம்பனிகளின் வாசலுக்குப் போகக்கூடியது. கம்பனிக்குள் நுழைந்துவிட்டால் ஒரே வாசல். ஏரோபிளான் கணக்கிலே 18 மாதம் எவ்வித அசைவும் இல்லாவிடின் புள்ளி காலாவதியாகும் என்பதையும் நினைவில் வைக்க.

எம்முடைய பேச்சை அவன் உடனே ஏற்றான் என்று சொல்வதற்கில்லை. மூன்று நாள் கழித்து, "தேடிப் பார்க்கிறேன் மாமா" என்று செய்தி அனுப்பினான். தேடுவதுதான் இதிலே உழைப்பு. கம்பனிகள் ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளையே புள்ளிக்கு விடுகின்றன. பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்னர் சில, புறப்படுமுன் கடைசி நாட்களிற் சில. குடும்பத்தோடு வருபவர் கடைசி நாளை நம்பியிருத்தல் ஆகாது. நாலு இருக்கை ஒரே விமானத்தில் வேண்டுமென்று கேட்டால் இல்லை என்று வரும். இரண்டு இரண்டாகக் கேட்டால் அகப்படும். சனிக்கிழமை இல்லாதது செவ்வாய்க்கிழமை இருக்கும். இறுதியில் அவன் எயார் இந்தியாவில் டில்லி வழியாக, தானும் மகனும் ஒருநாள், மனைவியும் மகளும் அடுத்த நாள் என்று பிரித்து எடுத்தான். சில திட்டங்களிலே, புள்ளிச் சீட்டுக்கும் எரிபொருள் மேற்கட்டணம் என்று நூற்றுக்கணக்கான டொலரைக் கேட்பர். ஏரோபிளான் 2020 இலே அதனை நீக்கிவிட்டது. கூட்டுக் கம்பனிச் சீட்டுக்கு 39 டொலர் சேவைக் கட்டணம் மாத்திரம் உண்டு. வரியும் கட்டணமுமாக நால்வருக்கும் ஏறத்தாழ 800 டொலர் கையிலிருந்து கட்டினான். குடும்பத்தவர் எண்மர் வரை தம் புள்ளிகளை ஒன்றுசேர்க்க ஏரோபிளானிலே வசதியுண்டாதலின், மனைவியின் பங்கும் அதிலே சேர்ந்தது.

எமது இளம் ஆசிரியருக்கு இக்கணக்கைச் சொல்லி முடித்தபோது, "இங்கேயும் இப்படித்தானோ?" என்று கேட்டார். இங்குள்ள சில வங்கி அட்டைகளின் புள்ளியையும் ஸ்ரீலங்கன் விமானசேவையின் பிளைஸ்மைல்ஸ் கணக்குக்கு மாற்றலாம். அக்கம்பனி 2014 ஆம் ஆண்டு முதல் வன்வேர்ல்ட் கூட்டணியில் இருப்பதாற் பிறநாட்டு விமானங்களிலும் அப்புள்ளி செல்லும். ஆயின் எமது சம்பளத்தில், மாதாமாதம் கணக்கைத் தீர்த்தபின் சேரும் புள்ளி சென்னைக்குப் போகவே பல ஆண்டுகள் எடுக்கும். அட்டைக்கு வருடக் கட்டணம் உண்டா, அது சேரும் புள்ளியிலும் அதிகமா என்று முதலிற் பார்க்குமாறு கூறினோம். அவர் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மணியும் அடித்தது.

மருமகன் 2023 ஆவணியில் வந்தான். நல்லூர்த் திருவிழாக் காலம். கட்டுநாயக்காவிலிருந்து வானிலே இரவிரவாகப் பயணஞ் செய்து விடியற்காலையில் வந்திறங்கினார்கள். இளைய பெண்ணுக்கு ஆறு வயது. தமக்கையார் வாசற்படியிலே நின்று அவள் முகத்தைத் தம் முகத்துக்கு மிக அருகிலே இழுத்து வைத்துப் பார்த்தார். வெண்புரை காரணமாக அவ்வாறு பார்த்தால்தான் தெரியும். பிள்ளைக்கு அது விளங்கவில்லை. அப்பம்மா கொஞ்ச வருகின்றா என்று நினைத்துக் கன்னத்தைக் காட்டினாள்.

மாலையில் விறாந்தையில் இருந்தபோது தமக்கையார் மகனைக் கேட்டார்:

"இப்ப எத்தினை புள்ளி மிச்சம், தம்பி?"

"இருபதினாயிரம், அம்மா."

"திரும்ப வர எத்தினை வேணும்?"

"ஐந்து இலட்சத்து அறுபதினாயிரம்."

தமக்கையார் விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். மருமகன் அவர் கையைப் பிடித்து, "எண்ண வேண்டாம் அம்மா. அடுத்த முறை காசுக்கே வாறன்" என்றான்.